ஒன்றே கால் கிலோ உயிருக்குத் துணை: வாசகர் கேள்வி – பதில்

கிராமப்புற மிஷன் ஆஸ்பத்திரிகளில் குறைமாத, எடை குறைந்த பச்சிளங்குழந்தைகளின் வார்டுக்குத் தொண்டராகப் போக விரும்புகிறவர்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்தவற்றுக்கு, அந்த வார்டுகளிலேயே வேலை பார்க்கும் செவிலியர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு மருத்துவம் தெரியாது. ஒரு மாதம் லீவு போட முடியும். அழுகிற குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவாவது ஆள் வேண்டியிருக்குமே, வரலாமா? (வங்கி ஊழியர், கரூர்)

பதில்: தாராளமாக வரலாம். ஆனால் தூக்கி வைத்துக்கொள்ள அல்ல. ஒன்றே கால் கிலோ குழந்தையை ஒவ்வொரு தடவை தொடும்போதும் அதன் மூச்சும் நாடித்துடிப்பும் தடுமாறும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கும். தூங்கித்தான் அது வளர வேண்டும். அதனால் சிஸ்டர்களே துணி மாற்றுவது, சூடு பார்ப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குச் சேர்த்துவைத்துச் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள்.

ஆள் தேவைப்படுவது குழந்தையைச் சுற்றி நடக்கும் நூறு வேலைகளுக்கு. சிசேரியன் ஆன தாயை மாடியிலிருந்து சக்கர நாற்காலியில் அழைத்து வந்து பால் எடுக்க உட்காரவைக்க வேண்டும். பால் புகட்டும் பாலாடைக் கிண்ணங்களைக் கழுவிக் கொதிக்கவைக்க வேண்டும். துவைத்து வந்த துணிகளை அளவுவாரியாக மடித்து அடுக்க வேண்டும். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், எடை நோட்டில் எழுத வேண்டும், தாய் சாப்பிட்டாளா என்று பார்க்க வேண்டும். இரவில் ஒரே சிஸ்டர் ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் அவர் கண்ணைக் குழந்தை மேலேயே வைத்திருக்க உதவும். முதல் வாரம் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். ஆகவே நான்கு வாரம் என்பது குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களால் வார்டுக்குச் சுமைதான் கூடுகிறது.

கேள்வி: எப்படி விண்ணப்பிப்பது? கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, விருதுநகர்)

பதில்: ஆஸ்பத்திரியின் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். எத்தனை வாரம் இருக்க முடியும், என்ன மொழி தெரியும், என்ன வேலை தெரியும், இரவுப் பணிக்கு வருவீர்களா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அடையாள அட்டை, காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று, தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி முக்கியம். ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதங்கள் என்ற கணக்கில் மூன்று தவணை. ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் நினைத்துப் பயனில்லை. தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை, கக்குவான், இன்ஃபுளுயன்சா ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே கிளம்புங்கள்.

மதம் பற்றி: 1900இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியது முதல், 1955இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கியது வரை, இந்த ஆஸ்பத்திரிகளின் வாசலில் எல்லாச் சாதி மதத்துப் பெண்களும்தான் வந்து நின்றிருக்கிறார்கள். காலையில் வார்டு ஜெபம் இருக்கும். தொண்டர் அதில் கலந்துகொள்வது எந்த அளவுக்கு எதிர்பார்க்கப்படுகிறது என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: ஒருநாள் பார்க்கப் போனபோது கை கழுவச் சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு கெடுபிடி ஏன்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பிய சிஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அதில் பெரும்பங்கு கிடைத்திருக்காது. தோலும் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காற்றில் பறந்து வருவதைவிடக் கையில் ஒட்டிக்கொண்டுதான் ஒரு குழந்தையிடமிருந்து அடுத்ததற்குப் போகின்றன.

மோதிரம், வளையல், கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கயிற்றைக் கழற்ற மனம் வராவிட்டால் அதை மாற்றிக் கட்ட முழங்கைக்கு மேலே இடமிருக்கிறது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நெயில் பாலிஷ் கூடாது. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, உள்ளே நுழையும் முன் 2 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று வரிசையாக முழங்கை வரை. பெரும்பாலானோர் விட்டுவிடுவது கட்டைவிரலையும் நகக்கண்ணையும்தான். பிறகு கையை உயர்த்திப் பிடித்தால் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டும். கையைத் தொங்கவிட்டால் கழுவாத இடத்துத் தண்ணீர் விரலுக்கே இறங்கிவிடும். குழாயை முழங்கையாலோ துடைத்த காகிதத்தாலோ மூடுங்கள்.

உள்ளே வந்தபின் ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னாலும் பின்னாலும் சானிடைசர் போட்டு, 20 முதல் 30 விநாடி, கை உலரும் வரை தேய்க்க வேண்டும். ஈரக் கையோடு தொட்டால் போட்டதே வீண். பாலோ மலமோ பட்ட கைக்குச் சானிடைசர் போதாது, திரும்பவும் சோப்புதான்.

தவறு நடக்கும் இடங்கள் எங்கே என்று கேட்டால், வாஷ்பேசினில் தண்ணீர் தேங்கி ஊறிக் கிடக்கும் சோப்புக் கட்டி, எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டு, இவற்றுக்கெல்லாம் மேலாகச் சட்டைப் பையில் இருக்கும் செல்போன். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தால் கழுவாத கைதான் அது. போனை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மே மாத வெயிலில்கூட அங்கே ஃபேன் போடுவதில்லை, குழந்தைக்கு வேர்க்காதா? ‘வார்மர்’ என்பது எப்படி வேலை செய்கிறது? கரண்டு போனால்? (மின் பணியாளர், தாராபுரம்)

பதில்: நமக்குக் குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம். பச்சிளங்குழந்தைக்கு நடுக்கம் வராது. அது உடம்பிலிருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாக வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடு வேகமாக வெளியேறுகிறது. குளிர்ந்த குழந்தை சூட்டுக்காகச் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் செலவழிக்கும். சர்க்கரை இறங்கும், மூச்சு விட்டுவிட்டு வரும். ஒரு ஃபேன் காற்றில் தொடங்குவது இவ்வளவு தூரம் போய்விடும்.

அக்குளில் பார்க்கும் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 36 முதல் 36.4 என்பது குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 36க்குக் கீழே வந்தால் உடனே செயல்பட வேண்டும். தெர்மாமீட்டர் எடுப்பதற்கு முன் கையே சொல்லிவிடும். கழுவி உலர்த்திய கையின் புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு உள்ளங்காலையும் தொடுங்கள். இரண்டும் கதகதப்பாக, கால் இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வயிறு கதகதப்பு, கால் சில்லென்று நீலம் பாரித்திருந்தால் குளிர் தாக்குகிறது. வயிறும் சில்லிட்டிருந்தால் ஒரு நொடி தாமதிக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

வார்மர் என்பது மேலிருந்து வெப்பத்தை வீசும் ஹீட்டர். குழந்தையின் வயிற்றின் வலது மேற்பக்கத்தில் ஒரு சின்ன உணரியை ஒட்டியிருப்பார்கள். தோல் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் வேகம் பிடிக்கும், ஏறினால் தணியும். கோளாறு பெரும்பாலும் இயந்திரத்தில் இருக்காது, அந்த உணரி ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். பிளாஸ்திரி விட்டுக் கழன்றால் உணரி காற்றின் சூட்டைக் காட்டும். குழந்தை குளிர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும், தோல் வெந்துபோகலாம். உணரி குழந்தையின் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நேர்மாறு: மெத்தைச் சூட்டைக் காட்டும், ஹீட்டர் அணைந்துவிடும், குழந்தை குளிர்ந்துபோகும். நீங்கள் எதையும் ஒட்டவோ திருகவோ வேண்டாம். ஒவ்வொரு முறை தொட்டில் பக்கம் போகும்போதும் உணரி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, இல்லையென்றால் சொல்லுங்கள். மின் வேலை தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்று: யுபிஎஸ்ஸில் வார்மரைச் செருகினால் பாட்டரி சீக்கிரமே இறங்கிவிடும், மானிட்டரும் சேர்ந்து அணையும். எந்த பிளக் எந்த வரிசையில் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருவது பெரிய உதவி.

கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரை, நிலைமை சீராக இருக்கும் குழந்தைக்குத் தாயின் மார்புதான் வார்மர். அதற்காகவே தாய்மார் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ‘கங்காரு’ முறை என்கிறார்களே, அது வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடுதானே? (இல்லத்தரசி, மன்னார்குடி)

பதில்: ஆரம்பம் அப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்து நோய் தொற்றிய ஆஸ்பத்திரியில், எட்கர் ரெய் என்ற மருத்துவர் தாயின் மார்போடு குழந்தையைக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது மாற்று ஏற்பாடு அல்ல, முதல் ஏற்பாடு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்தவரை அதிகமாக என்று பரிந்துரைத்தது.

செய்முறை: தாய் முன்பக்கம் திறக்கும் நைட்டி அணிந்து, முதுகைச் சாய்த்து அமர வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இடுப்புத் துணி தவிர வேறெதுவும் வேண்டாம். இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, முகவாய் சற்றே நிமிர்ந்திருக்கும்படி பார்க்க வேண்டும். முகவாய் நெஞ்சில் மடங்கினால் மூச்சுக்குழல் மடங்கும், அண்ணாந்தாலும் அப்படியே. கால்கள் தவளை மாதிரி மடங்கி விரிந்திருக்க வேண்டும். பிறகு சுற்றிக் கட்டும் துணி. பழைய பருத்தி வேட்டியைவிட நல்லது எதுவும் கிடையாது. துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வர வேண்டும். நெஞ்சருகே இறுக்கமாகவும் வயிற்றருகே தளர்வாகவும் கட்டினால்தான் மூச்சு விட வயிற்றுக்கு இடம் இருக்கும். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. கால் மணிக்கொரு தரம் எடுத்து எடுத்து வைப்பது பலனைவிட அலைக்கழிப்பைத்தான் தரும்.

தாய் குளிக்கவோ சாப்பிடவோ போகும்போது அப்பாவும் பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த ஆசை வரும், வேண்டாம். அது வீட்டாருக்கு உரியது. தாய் தூங்கிவிட்டால் குழந்தையின் மூக்கு துணியில் புதைந்திருக்கிறதா என்று பார்ப்பது, முதுகுக்குத் தலையணை கொடுப்பது, வேளைக்குச் சாப்பாடு கொண்டுவருவது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சார்ட்டில் எழுதுவது உங்கள் வேலை. ஆண்கள் வெட்கப்படுவார்கள். திரை ஒன்றைக் கட்டிவிட்டால் பாதி வெட்கம் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எவ்வளவு பால்தான் கொடுப்பார்கள்? பாலாடையில் புகட்டச் சொல்லித்தருவார்களா? (தையல் கலைஞர், கோவில்பட்டி)

பதில்: பாலாடை, சங்கு என்று நம் வீடுகளில் பரணில் கிடந்த அந்த மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், இன்று மருத்துவப் பாடப்புத்தகங்களில் ‘பாலாடை’ என்ற பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது. பாட்டிலை உறிஞ்சிப் பழகிய குழந்தைக்குத் தாயின் மார்பு பிடிபடச் சிரமம். ரப்பர்க் காம்பைச் சுத்தமாக்குவதும் கடினம். பாலாடையில் இரண்டு தொல்லையும் இல்லை.

எல்லாக் குழந்தைக்கும் அது ஆகாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒத்திசைவாகச் செய்யும் திறமை கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரத்தில்தான் முழுமையாக வருகிறது. 32 வாரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் வாய்வழி வயிற்றுக்குள் இறக்கிய ஓ.ஜி. டியூபில் பால் போகும். அது சிஸ்டரின் வேலை. 32 முதல் 34 வாரம் பாலாடைப் பருவம்.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம், மலைப்பு நீங்க. நிலைமை சீராக உள்ள 1.6 கிலோ குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி என்றால் மொத்தம் 96 மில்லி. 2 மணிக்கொரு தரம், 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 8 மில்லி, ஒன்றரைத் தேக்கரண்டி. தினமும் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி கூட்டிக்கொண்டே போய்க் கிலோவுக்கு 150 ஆகும்போது வேளைக்கு 20 மில்லி. அளவை டாக்டர் எழுதுவார். நீங்கள் ஒரு சொட்டும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. ‘பாவம், இன்னும் கேட்கிறது’ என்று கொடுத்த 5 மில்லி, வயிறு உப்பிக் குடல் புண்ணாவதில் முடியலாம்.

புகட்டும் விதத்தை முதலில் தாய்க்கும் பாட்டிக்கும்தான் சொல்லித்தருவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி மடியில் வைத்து, கழுத்தடியில் ஒரு துணி. பாலாடையை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பி, அதன் மூக்கைக் கடைவாயில் கீழுதட்டின் மேல் வைத்து மெதுவாகச் சாய்த்தால் நாக்கு தானே முன்னால் வரும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். ஊற்றாதீர்கள், ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். விழுங்காமல் வாயில் தேக்கினாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ நிறுத்திவிட்டுச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். மீதியை டியூபில் கொடுத்துக்கொள்ளலாம். வேளைக்கு 20 நிமிடம் ஆகும் என்று பொறுமையாக உட்காருங்கள். துணியில் வழிந்ததையும் கணக்கில் எழுத வேண்டும். முழு அளவும் குடித்ததாக எழுதிவிட்டு, எடை ஏன் ஏறவில்லை என்று மூன்று நாள் கழித்து எல்லோரும் மூளையைக் கசக்குவது இந்த ஒரு பொய்யால்தான்.

பால் எடுப்பதைப் பொறுத்தவரை, பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 12 தடவை, இரவிலும் விடாமல் எடுத்தால்தான் சுரப்பு குறையாமல் இருக்கும். முதல் இரண்டு நாள் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். ‘எனக்குப் பாலே இல்லை’ என்று தாய் அழுவது அப்போதுதான். கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் அந்த 2 மில்லி குழந்தைக்குப் போதுமான தொடக்கம் என்று அவளிடம் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாகக் கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு சேர்த்துப் பிழிந்து விட வேண்டும். தோலின் மேல் இழுத்துத் தேய்த்தால் வலிதான் மிஞ்சும். எடுத்த பாலில் தாயின் பெயர், தேதி, நேரம் எழுதிய சீட்டு கட்டாயம். வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் என்பது வார்டு வழக்கம். சூடாக்க அடுப்பில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் குழந்தை. பால் நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கலாமா? பால்பவுடர் டின்களும் வாங்கித் தர நினைக்கிறோம். (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: உங்கள் மனசு பெரியது. ஆனால் பாலை நேரடியாக இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் வங்கி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள். 1989இல் மும்பை சயன் ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் வங்கி தொடங்கியது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் இருக்கிறது. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, மேகநோய்ச் சோதனைகள் செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதிசெய்த பிறகே குழந்தைக்குப் போகும்.

பால்பவுடரும் பாட்டிலும் வாங்கவே வேண்டாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அநாதை இல்லம் தவிர மற்ற இடங்களில் அவற்றை நன்கொடையாகக் கொடுப்பதே குற்றம். அந்தப் பணத்தில் தாய்மாருக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை உள்ளே, தாய் வராந்தாவில், புருஷன் கூலி வேலைக்கு ஊரில் என்று பல வாரம் கிடக்கும் குடும்பங்களில் முதலில் குறைவது தாயின் சோறுதான்.

கேள்வி: வசம்பு வளையலும் உரை மருந்தும் கொண்டுவரும் பாட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்குமா? (சமூகப் பணி மாணவர், சிவகங்கை)

பதில்: மல்லுக்கட்டினால் தோற்பீர்கள். அப்பத்தாதான் அந்த வீட்டின் டாக்டர். ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று தொடங்கினால் உங்கள் கண் மறைந்ததும் குழந்தையின் நாக்கில் சேனை வைத்துவிடுவார். ‘அப்பத்தா, நீங்க எத்தனை பிள்ளை வளர்த்தீங்க?’ என்று தொடங்குங்கள். பிறகு, நிறைமாதப் பிள்ளைக்கே ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம். இதுவோ வயிற்றுக்குள்ளே இருக்க வேண்டிய பிள்ளை, குடல் இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லுங்கள். ‘பழுக்கவில்லை’ என்ற சொல் அவருக்குச் சட்டென்று பிடிபடும். வசம்பையும் ஜாதிக்காயையும் உரைக்கிற கல்லில் ஒட்டியிருக்கும் கிருமியே இந்தக் குழந்தைக்குப் போதும். தேன், சர்க்கரைத் தண்ணீர், மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை எதுவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ சொல்லிவிட்டுப் போகாதீர்கள். திருஷ்டிப் பொட்டு வைக்காமல் மனசு ஆறாது என்றால் தொப்பியின் வெளிப்பக்கத்தில் மையை வைக்கட்டும். கங்காரு முறையில் பேரனை நெஞ்சில் ஏந்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த வார்டிலேயே உங்களுக்குப் பெரிய துணை அவர்தான். பத்தியம் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதையும் அவர் வாயாலேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: தொப்பி, ஸ்வெட்டர் பின்னி அனுப்பலாமா? (வாசகி, உதகமண்டலம்)

பதில்: தொப்பி அனுப்புங்கள், மென்மையான பருத்தி நூலில். 28 வாரக் குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 25 முதல் 26 சென்டிமீட்டர், 32 வாரத்தில் 29, 34 வாரத்தில் 31. கடையில் விற்கும் தொப்பி எல்லாம் 34, 35 என்று நிறைமாதத்துக்கு. ஆகவே சின்ன அளவுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. பொத்தான், நாடா, குஞ்சம், உரோமம் பறக்கும் கம்பளி கூடாது. உள்பக்கம் நூல் முனை தொங்கினால் அது விரலில் சுற்றி ரத்தஓட்டத்தை நிறுத்தும் என்பதால் சாக்ஸ் பின்னினால் உள்ளே திருப்பிப் பார்த்து அனுப்புங்கள். ஸ்வெட்டர் தேவையில்லை.

கேள்வி: குழந்தைகளோடு படம் எடுத்துப் பகிர்ந்தால் நிறையப் பேர் உதவ முன்வருவார்களே? (இளைஞர், ஓசூர்)

பதில்: எடுக்காதீர்கள். நோயாளியின் முகம் அவருடையது. அந்தத் தாய் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறாள் என்பதால் அவள் தலையாட்டியதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது.

கேள்வி: எதைப் பார்த்தால் உடனே சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும்? (செவிலியர் பயிற்சி மாணவி, தருமபுரி)

பதில்: மூச்சு 20 விநாடி நின்றால், அல்லது அதற்குள்ளேயே நிறம் மாறினால். மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால், நெஞ்சுக்குழி உள்வாங்கினால், முனகினால். நேற்று குடித்த பாலை இன்று வேண்டாமென்றால். இதை வார்டில் இலேசாக விட்டுவிடுகிறார்கள், ஆனால் ரத்தத்தில் கிருமி பரவுவதன் முதல் அறிகுறி பல சமயம் இதுதான். வயிறு உப்பி மினுமினுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால், துவண்டு கிடந்தால். மூச்சை எண்ணும்போது முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். குறைமாதக் குழந்தை சில விநாடி வேகமாகவும் சில விநாடி நிறுத்தியும் மூச்சுவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும்.

மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டினால் பதறி ஆக்சிஜன் குமிழைத் திருகாதீர்கள். ஆக்சிஜன் கொடுத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரைதான் இலக்கு. 100 காட்டட்டும் என்று கூட்டிவைத்தால் கண்ணின் விழித்திரை கெடும். காலில் மாட்டிய பட்டை நழுவியிருந்தாலும் அளவு இறங்கித் தெரியும். குழந்தையின் உதட்டைப் பாருங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கைவிடப்பட்ட குழந்தை ஏதாவது இருந்தால் அங்கேயே தத்தெடுக்க முடியுமா? (தம்பதி, திருப்பூர்)

பதில்: முடியாது. ஆஸ்பத்திரிக்கு அந்த அதிகாரம் கிடையாது. கைவிடப்பட்ட குழந்தை பற்றி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் வழியாக வரும் குழந்தைகளுக்கும் தத்துக்கொடுக்கும் வழி சட்டம் வகுத்ததுதான். மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிந்து காத்திருங்கள். யாராவது பணம் கேட்டு ‘நேரடியாக முடித்துத் தருகிறேன்’ என்றால் அது குழந்தை விற்பனை, புகார் கொடுங்கள்.

கேள்வி: நான் இருக்கும்போது ஒரு குழந்தை இறந்துவிட்டால் அந்தத் தாயிடம் என்ன சொல்வது? இந்தப் பயத்தால்தான் இன்னும் கிளம்பாமல் இருக்கிறேன். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அது நடக்கும். அந்தப் பயத்தோடேயே வாருங்கள்.

‘வயசு இருக்கு, இன்னொன்று பெற்றுக்கலாம்’, ‘கஷ்டப்படாமல் போச்சே’, ‘ஆண்டவன் சித்தம்’, மூன்றும் வேண்டாம். அவளே சொன்னால் மறுக்கவும் வேண்டாம். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். குழாய், பிளாஸ்திரி எல்லாம் எடுத்து, துடைத்து, சுத்தமான துணியில் சுற்றிய பிறகு, பார்க்கிறாயா, கையில் வாங்கிக்கொள்கிறாயா என்று கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். ‘பச்சை உடம்புக்காரி பார்க்கக் கூடாது’ என்று உறவினர் தடுத்தால், அவள் என்ன விரும்புகிறாள் என்று அவளிடமே கேட்கும்படி சிஸ்டரிடம் சொல்லுங்கள். மற்றத் தாய்மார் குழந்தையோடு இருக்கும் அறையிலிருந்து அவளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்.

குழந்தை போன பிறகும் பால் சுரக்கும். இதை யாரும் அவளிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் மார்பு கட்டி, சட்டை நனையும்போதுதான் அவள் உடைந்துபோவாள். ஈரத்துணி ஒற்றடம், தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, வலி தணியும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பிழிந்துவிடுவது என்று கிளம்பும் முன்னே சொல்லி அனுப்ப வேண்டும். துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ மார்பு சிவந்தாலோ வர வேண்டும். உயிரோடு பிறந்து இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டுமே 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். அந்தக் காகிதங்களுக்காக அப்பாவை நாலு மேசைக்கு அலையவிடாமல் நீங்கள் கூடப் போங்கள். ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கையில் காசில்லாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஊருக்குத் திரும்பிய பிறகும் ஏதாவது செய்ய முடியுமா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: போன் செய்யலாம், ஆஸ்பத்திரி அனுமதித்தால், அது தரும் பட்டியலை வைத்து. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கோ 1.2 கிலோவுக்கோ கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். லேசர் செய்ய வேண்டிய நாட்கள் கடந்துபோனால் பார்வை திரும்பாது. கண் ஆஸ்பத்திரி ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அப்பாவுக்கு அன்றைய கூலி போகும். ஆகவே முந்தின நாள் கூப்பிட்டுத் தேதியை நினைவூட்டுங்கள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், பஸ்காசு இருக்கிறதா என்று கேளுங்கள். மறுநாள் மாலை மறுபடி கூப்பிட்டு, டாக்டர் அடுத்து எந்தத் தேதிக்கு வரச் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தடவையோடு முடியும் பரிசோதனை அல்ல அது. விழித்திரையில் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்து முடியும் வரை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.